வீட்டுத் தோட்டத்துக்கு ஆள் அமர்த்துவது எப்படி, எவ்வளவு ஆகும்? முழுமையான வழிகாட்டி

கோவையில் எங்கள் வீடு 5 சென்ட் இடத்தில் இருக்கிறது. அதில் தோட்டத்தை நான் இரண்டு முறை போட்டேன். முதல் முறை கிரகப்பிரவேச அவசரத்தில், யார் கிடைத்தாரோ அவரை வைத்து. எட்டே மாதத்தில் லானில் பாதி கோரையாகிவிட்டது. இரண்டாவது முறை 2024இல், கொஞ்சம் பொறுமையாக. அதற்கப்புறம் எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளுக்கு ஆள் பார்த்துக் கொடுத்து, கூட நின்று வேலையும் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: எடுத்த எடுப்பில் "சதுர அடிக்கு எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி ஏழாவது படியில்தான் வர வேண்டும்.

இதில் வரும் விலைகள் 2024இல் எங்கள் பக்கம் நான் கொடுத்தவை அல்லது கேட்டறிந்தவை. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். கணக்குப் போடும் முறை எங்கேயும் ஒன்றுதான்.

1. மாதம் எவ்வளவு செலவழிப்பீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தோட்டம் போடும் செலவு ஒரு முறை வருவது. அதைப் பார்த்துக்கொள்ளும் செலவு மாதாமாதம் வருவது. எங்கள் வீட்டில் 300 சதுர அடி லானும் 25 செடிகளும் போட 29,000 ரூபாய் ஆனது (கணக்கு கீழே வருகிறது). வாரம் இரண்டு நாள் வரும் தோட்டக்காரருக்கு மாதம் 2,500 ரூபாய். ஆண்டுக்கு 30,000. எரு, புண்ணாக்கு, கத்தரிக்கோலுக்குச் சாணை என்று இன்னும் ஒரு 4,000. அதாவது ஒரே ஆண்டில் பராமரிப்பு, போட்ட செலவைத் தாண்டிவிடுகிறது.

அதனால் மாதம் எவ்வளவு முடியும் என்று வீட்டில் பேசி, அந்தத் தொகைக்கு ஏற்ற தோட்டத்தைப் போடுங்கள். மாதம் 1,000 ரூபாய்தான் என்றால் லான் வேண்டாம். அரளி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை போதும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஆள் வந்தால் சமாளிக்கும். லான் அப்படி இல்லை. அது கைக்குழந்தை மாதிரி, ஒரு வாரம் விட்டால் முகம் மாறிவிடும்.

2. தண்ணீர்க் கணக்கு

ஆள் தேடும் முன் ஒரு தாளில் இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். கோடையில் புல்லுக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வேண்டும். 300 சதுர அடி என்பது ஏறக்குறைய 28 சதுர மீட்டர். ஆக, ஒரு நாளைக்கு 140 லிட்டர், மாதத்துக்கு 4,200 லிட்டர். செடிகளுக்கு இது போகத் தனி.

எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும், அதைப் புல்லுக்கு விட மனசு வராது. போர்வெல்தான் கதி. உங்கள் போர் ஏப்ரலில் காற்று வாங்கும் என்றால் லானின் அளவைப் பாதியாக்குங்கள். லாரித் தண்ணீர் வாங்கிப் புல் வளர்த்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். இரண்டே கோடைதான், அப்புறம் சிமென்ட் கல் பதித்துவிட்டார்கள்.

தண்ணீரின் உப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயடியில் வெள்ளையாகப் படிகிறது, பக்கெட்டில் கறை நிற்கிறது என்றால் தண்ணீர் கடினமானது. அதை ஆள் பேசும்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் செடித் தேர்வு அதைப் பொறுத்தது. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைத் தொட்டிச் செடிக்கு நாள்தோறும் ஊற்றாதீர்கள். அதில் உப்பு இன்னும் அதிகம்.

3. மண்ணுக்கு அடியில் என்ன ஓடுகிறது?

கடப்பாரை இறங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது, அநேகமாக யாரும் செய்வதில்லை. வீட்டைச் சுற்றி நடந்து, சம்ப், செப்டிக் டேங்க், தண்ணீர் பைப், கழிவுநீர் பைப், கரண்ட் கேபிள், எர்த் குழி எல்லாம் எங்கே என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். வீடு கட்டிய மேஸ்திரிக்கும் பிளம்பருக்கும் போன் போட்டுக் கேட்டால் கால் மணி நேர வேலை. முதல் முறை நான் இதைச் செய்யவில்லை. மாங்கன்றுக்குக் குழி தோண்டியவர் சம்புக்குப் போகும் பைப்பை ஒரே குத்தில் உடைத்தார். அவர் மேல் தப்பில்லை, பைப் அங்கே இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அதே தாளில் இன்னும் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்.

மழைநீர் சேகரிப்புக் குழி. தமிழ்நாட்டில் 2003லிருந்து இது கட்டாயம். ஆனால் தோட்டம் போட வருபவர்கள் பார்க்க அழகாக இல்லை என்று அதன் மேல் மண்ணைப் போட்டுப் புல்லைப் பதித்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த ஐப்பசியில் முற்றத்தில் தண்ணீர் நிற்கும்போதுதான் நமக்கு நினைவு வரும்.

வீட்டின் அடிமட்டம். மண்ணைக் கொட்டி உயர்த்தும்போது சுவரோடு சேர்த்து மேடாக்கிவிட்டால் சுவரில் ஓதம் ஏறும், உள்ளே பெயின்ட் உரியும். வீட்டுத் தரைமட்டத்துக்குக் குறைந்தது அரையடி கீழேயே தோட்டத்து மண் நிற்க வேண்டும். சரிவு சுவரிலிருந்து வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வையுங்கள், வேலைக்கு வருபவரிடம் "இதுக்கு மேல மண் ஏறக் கூடாது" என்று சொன்னால் போதும்.

வெயில். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு என்று மூன்று நேரம் போய்ப் பார்த்து, எங்கே எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது என்று எழுதுங்கள். நாலு மணி நேரத்துக்கும் குறைவாக வெயில் விழும் இடத்தில் புல் மெலிந்து சாகும். அங்கே புல் போடச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

4. உங்களுக்கு எந்த ஆள் வேண்டும்?

தோட்டக்காரர் என்று பொதுவாகச் சொன்னாலும் நாலு வகை ஆட்கள் இருக்கிறார்கள். தப்பான வகையிடம் சரியான வேலையைக் கொடுத்தால் பணமும் போகும், மனஸ்தாபமும் வரும்.

நாள் கூலிக்கு வருபவர்: கல் பொறுக்க, குழி தோண்ட, மண் சுமக்க. எங்கள் பக்கம் ஆணுக்கு 900 ரூபாய், களையெடுக்க வரும் பெண்களுக்கு 500. அதே வெயில், அதே குனிந்த முதுகு, கூலி மட்டும் வேறு. நான் 650 கொடுக்கிறேன், அதனால் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள். இவர்களுக்கு வேலை தெரியும், ஆனால் எதை எங்கே வைப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாதத் தோட்டக்காரர்: ஐந்தாறு வீடுகளுக்கு முறை வைத்துப் போவார். களை, கவாத்து (செடியின் கிளைகளை அளவாக வெட்டி விடுவது), உரம், பூச்சி பார்ப்பது அவர் வேலை. புதிதாகத் தோட்டம் போட இவரைக் கூப்பிட்டால் மற்ற வீட்டு வேலைக்கு நடுவே இழுத்துக்கொண்டே போகும்.

நர்சரிக்காரர்: செடி விற்பார், நட ஆளும் அனுப்புவார். சின்ன இடத்துக்கு இது வசதிதான். ஒரே சிக்கல், அவருக்கு லாபம் செடியில். 25 செடி வைக்கும் இடத்தில் 60 செடியை நெருக்கி வைப்பார். நட்ட அன்று பச்சைப்பசேல் என்று இருக்கும், ஒரு வருஷத்தில் ஒன்றையொன்று அமுக்கிப் பாதி அழுகும்.

லேண்ட்ஸ்கேப் காண்ட்ராக்டர்: மண், பைப், புல், செடி, விளக்கு, கல் பாதை எல்லாம் சேர்த்து எடுத்துச் செய்பவர். 1,000 சதுர அடிக்கு மேல் இருந்தாலோ, மட்டம் ஏற்ற இறக்கமாக இருந்தாலோ, கூட நிற்க உங்களுக்கு நேரம் இல்லை என்றாலோ இவர்தான் சரி. அதற்குக் கீழே என்றால் நாள் கூலியும் நர்சரியும் சேர்த்து நீங்களே நடத்தலாம்.

தென்னை ஏறுவது இவர்களில் யாருடைய வேலையும் இல்லை. "அப்படியே அந்த மட்டையையும் இழுத்து விட்டுடுங்க" என்று தோட்டக்காரரை மரத்தில் ஏற்றாதீர்கள். அதற்குப் பழகிய ஆள் வேறு, கூலி மரத்துக்கு இவ்வளவு என்று தனி.

5. எந்த மாதத்தில் தொடங்குவது?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்கு மட்டும் சொன்னதல்ல. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை எங்கள் பக்கம் வெயில் தணிந்து காற்று அடிக்கும், செடி வேர் பிடித்துக்கொண்டு வடகிழக்கு மழைக்குத் தயாராகிவிடும். சென்னைப் பக்கம் அக்டோபர், நவம்பர் கனமழையில் புதுப் புல் பதித்தால் மண்ணோடு அடித்துப் போகும். அங்கே ஆகஸ்ட், செப்டம்பரில் முடிப்பது நல்லது, அல்லது மழை விட்டபின் தையில். ஏப்ரல், மே எங்கேயும் வேண்டாம்.

கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஆளைக் கூப்பிடுவதுதான் ஆகப் பெரிய தவறு. அந்த அவசரத்தில், களையை முளைக்கவிட்டு எடுப்பதற்கான பதினைந்து நாள் காத்திருப்பை (பத்தாவது படியில் வரும்) தாண்டிவிடுவார்கள், அதன் பலனை ஆண்டுக்கணக்கில் நீங்கள் பிடுங்கிக்கொண்டிருப்பீர்கள். விசேஷத்துக்கு வாசலில் பத்துத் தொட்டிகளை வாங்கி வையுங்கள். தோட்டம் அப்புறம் ஆகட்டும்.

6. ஆளைத் தேடுவதும் சோதிப்பதும்

காலை ஏழு மணிக்கு உங்கள் பகுதியில் ஒரு நடை போங்கள். நன்றாக இருக்கும் தோட்டத்தைப் பார்த்தால் வாசலில் நின்று கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் புதுத் தோட்டத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. இரண்டு வயதான தோட்டம்தான் ஆளின் வேலையைக் காட்டும். காண்ட்ராக்டர் போனில் காட்டும் படங்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். "இதை எப்போ போட்டீங்க? இப்போ போய்ப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

மாதத்துக்கு ஆள் வைக்கும் முன் ஒரு நாள் கூலி கொடுத்து வேலை செய்யச் சொல்லுங்கள். இலவசமாக வந்து காட்டச் சொல்வது மரியாதை இல்லை. அன்று அவரிடம் நான் மூன்று விஷயங்களைக் கவனிப்பேன்.

முதலாவது, செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியைக் காட்டி என்ன செய்யலாம் என்று கேட்பேன். "மருந்து அடிச்சா போயிருமுங்க" என்று உடனே சொன்னால் ஒரு மதிப்பெண் குறையும். "தண்ணியப் பீச்சி அடிங்க, மீறி இருந்தா கொப்ப வெட்டிரலாமுங்க, அப்பறம் வேப்பெண்ணெய் பார்க்கலாம்" என்று ஒருவர் சொன்னார். அவர்தான் இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வருகிறார்.

இரண்டாவது, மல்லியைக் கவாத்து செய்யும் மாதம். நவம்பர் கடைசி, கார்த்திகையில் என்று சொல்ல வேண்டும். அப்போது தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டினால்தான் பங்குனி, சித்திரையில் பூக்கும். பூக்கும் நேரத்தில் வெட்டுகிறவர் உங்கள் பூவை வெட்டுகிறார்.

மூன்றாவது, வேலை முடிந்ததும் கருவிகளைக் கழுவி வைக்கிறாரா என்று. ஒரு வீட்டில் நோய் பிடித்த கிளையை வெட்டிய கத்தரியைத் துடைக்காமல் அடுத்த வீட்டுக்குக் கொண்டு போனால், நோயும் கூடவே போகும்.

7. கொட்டேஷனை வாசிப்பது

இப்போது விலை பேசலாம். காண்ட்ராக்டர் என்றால் குறைந்தது இரண்டு பேரிடம், மூன்றாவது படியில் வரைந்த தாளைக் காட்டி, எழுதி வாங்குங்கள். வாயால் பேசியது மூன்றாம் நாள் மாறும். "தோட்ட வேலை மொத்தம் 60,000" என்று ஒரே வரியில் வந்தால் திருப்பிக் கொடுத்துப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பிரித்து எழுதியதில் பார்க்க வேண்டியவை:

மண். "செம்மண் 1 லோடு" என்று இருக்கும். லோடு என்பது அளவே அல்ல. டிராக்டரா, டிப்பரா, கழுத்து வரையா, பாதியா? யூனிட்டில் கேளுங்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. 300 சதுர அடியில் அரையடி உயரம் என்றால் 150 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட். மண் தண்ணீர் பட்டதும் அமுங்கும், அதனால் 2 யூனிட் சொல்லலாம். வண்டி வந்ததும் தொட்டியின் நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் என்று தெரிந்துவிடும். டேப்பை எடுத்துக்கொண்டு நீங்கள் வாசலில் நின்றாலே அடுத்த லோடு நிறைந்து வரும்.

எரு. மூட்டைக் கணக்கில் எழுதுவார்கள். மக்கிய எருவா என்பதுதான் முக்கியம். மூட்டைக்குள் கையை விடுங்கள். சூடாக இருந்தாலோ, சாணி வாடை அடித்தாலோ மக்கவில்லை. மக்காத எருவோடு களை விதையும் வேர்ப்புழுவும் சேர்ந்து வரும். மக்கியது காட்டு மண் வாசம் அடிக்கும், கையில் பொலபொலவென உதிரும்.

புல். வகையின் பெயர் இருக்க வேண்டும். கொரியன் புல் மெதுவாக வளரும், அடிக்கடி வெட்ட வேண்டாம், ஆனால் மேடு மேடாகப் பொங்கும், நடுவே களை வந்தால் பிடுங்குவது பெரும்பாடு. மெக்சிகன் வேகமாகப் பரவும், அடிக்கடி வெட்ட வேண்டும். பஃபலோ அகல இலை, பார்க்கக் கொஞ்சம் முரடு, ஆனால் ஓரளவு நிழலைத் தாங்கும். இன்னொரு கேள்வியையும் மறக்காதீர்கள்: புல் பத்தைகளை (மண்ணோடு வெட்டி எடுத்த புல் துண்டுகளை) ஒட்ட ஒட்டப் பதிப்பீர்களா, இடைவெளி விட்டா? 300 சதுர அடிக்குப் பணம் வாங்கிக்கொண்டு கைப்பிடி இடைவெளி விட்டு 200 சதுர அடிப் புல்லை வைத்து முடிப்பது ரொம்ப சகஜம். இடைவெளி விடுவது குற்றமில்லை, இரண்டு மூன்று மாதத்தில் மூடிக்கொள்ளும். விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும், அவ்வளவுதான்.

செடி. "அரளி 10, பாம் 4" என்று எழுதினால் போதாது. பை அளவும் உயரமும் வேண்டும். நர்சரியில் பையின் அளவை வைத்துத்தான் விலை. 8 அங்குலப் பை அரளிக்கும் 16 அங்குலப் பை அரளிக்கும் விலை பல மடங்கு வித்தியாசப்படும், பெயர் ஒன்றுதான். அழகுச் செடிகளில் நிறைய ஆந்திராவின் ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்து லாரியில் வருபவை. வந்து இறங்கிய அன்றே நட வேண்டாம், ஒரு வாரம் உங்கள் வீட்டு நிழலில் நின்று பழகட்டும்.

வேகமாக மறைப்பு வேண்டும் என்றால் கோனோகார்பஸ் என்ற மரத்தை வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன் வேர் பைப்பையும் சாக்கடையையும் தேடிப் போகும். குஜராத் அரசு 2023இல் அதை நடவே தடை போட்டது.

வரி. பதிவு பெற்ற நிறுவனம் என்றால் தோட்ட வேலைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி போடுவார்கள். "சேர்த்தா, தனியா?" என்று முன்பே கேட்டுவிட்டால் கடைசி பில்லில் மூச்சு நிற்காது.

அப்புறம், எழுதாமல் விடுபவை: பழைய கட்டடக் குப்பையை அள்ளும் செலவு, செடி பட்டுப்போனால் மாற்றித் தருவது, போட்ட பின் எத்தனை நாள் வந்து பார்ப்பார்கள் என்பது. இந்த மூன்றையும் நீங்களே கேட்டு எழுத வையுங்கள்.

8. எங்கள் வீட்டுக் கணக்கு

2024இல் நானே ஆள் வைத்துச் செய்தபோது ஆனது இது.

குப்பை, கல் பொறுக்க 2 ஆள், ஒரு நாள்: 1,800
அதை அள்ளிப் போட்ட வண்டி: 1,500
செம்மண் 2 யூனிட்: 7,000
மக்கிய எரு 20 மூட்டை: 2,400
புல் 300 சதுர அடி, அடிக்கு 14 வீதம்: 4,200
சிறிய செடி 15, பெரிய செடி 10: 3,700
நட, மட்டம் போட 2 ஆள், 3 நாள்: 5,400
பைப், இரண்டு குழாய், ஹோஸ்: 3,000
மொத்தம்: 29,000 ரூபாய்

இதே வேலைக்கு ஒரு காண்ட்ராக்டர் 48,000 சொன்னார். 19,000 கூடுதல் என்றதும் ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து நாள் நான் லீவு போட்டு வெயிலில் நின்றேன். நான்கு செடி பட்டுப்போனதை நானே வாங்கி வைத்தேன். அவர் செய்திருந்தால் அந்த இரண்டும் அவர் தலையில். லீவு கிடைக்காதவருக்கு 48,000 நியாயமான விலை. பேரம் பேசுவதானால் செடியின் எண்ணிக்கையைக் குறைத்துப் பேசுங்கள். மண்ணிலும் எருவிலும் கை வைத்தால் அவர் சரி என்றுதான் சொல்வார், அரையடிக்குப் பதில் மூன்று அங்குலம் கொட்டிவிட்டுப் போவார். புல் போட்டபின் அதை யாரால் அளக்க முடியும்?

9. பணம் கொடுக்கும் வரிசை

பாதித் தொகை அட்வான்ஸ் கேட்பார்கள். நான் கொடுப்பது இப்படி: பேசி முடித்ததும் 10 சதவீதம், மண்ணும் எருவும் வாசலுக்கு வந்ததும் 40, நட்டு முடித்ததும் 30, மீதி 20 நாற்பத்தைந்து நாள் கழித்து. புல் வேர் பிடித்ததா என்று அதற்குள் தெரிந்துவிடும். ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். பாய் மாதிரி மேலே வந்தால் பிடிக்கவில்லை.

நாள் கூலிக்கு வருபவர்களுக்கு இந்த நிறுத்தி வைக்கும் கணக்கெல்லாம் கூடாது. மாலை கை கால் கழுவும்போதே கையில் கொடுத்துவிட வேண்டும்.

10. வேலை நடக்கும்போது நீங்கள் நிற்க வேண்டிய இடங்கள்

முழு நேரமும் நிற்க வேண்டியதில்லை. வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முதலில் பைப். அதை மூடும் முன் தண்ணீர் திறந்துவிட்டுக் கசிவு பாருங்கள், ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். பைப்பைப் பின்னால் போட்டால் நட்டதையெல்லாம் தோண்ட வேண்டும்.

இரண்டாவது, கட்டடக் குப்பை. சிமென்ட் கட்டி, டைல்ஸ் துண்டு, மரச் சில்லு எல்லாம் ஓரடி ஆழம் வரை வெளியே போக வேண்டும். அதன் மேலேயே செம்மண்ணைக் கொட்டி மூடுவதுதான் ஆள்களுக்குச் சுலபம். மரச் சில்லு உள்ளே கிடந்தால் கரையான் வரும், கன்றின் வேரையும் விடாது.

மூன்றாவது, மரக்கன்றுகள். புல்லுக்கு முன்பே மரமும் புதர்ச் செடிகளும் நட்டாக வேண்டும். மா, தென்னைக்குக் குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். "இவ்வளவு போதுமுங்க" என்று ஒன்றரை அடியில் நிறுத்துவார்கள், டேப்பை நீட்டுங்கள். ஒட்டுக் கன்று என்றால் ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுக்க வேண்டும். பையோடு நட்ட கன்றுகளை நான் தோண்டி எடுத்திருக்கிறேன்.

நான்காவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், எல்லோரும் தாண்டிவிடுவதும் அதுதான். செம்மண்ணைக் கொட்டிப் பரப்பியதும் புல் போடக் கூடாது. பதினைந்து நாள் தண்ணீர் மட்டும் விடுங்கள். மண்ணோடு வந்த கோரையும் அருகும் முளைத்துத் தலைகாட்டும். கோரையை இலையைப் பிடித்து இழுத்தால் கிழங்கு உள்ளே நின்றுவிடும், பத்து நாளில் திரும்ப வரும். களைக்கொத்தியால் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். முடிந்தால் இன்னொரு பத்து நாள் தண்ணீர் விட்டு மறுபடி ஒரு முறை எடுங்கள். இந்த நாட்களில் மண்ணும் அமுங்கி, எங்கே பள்ளம் விழுகிறது என்று தெரிந்துவிடும்.

அதற்குப் பின் எருவைக் கலந்து, மட்டம் போட்டு, புல்லைப் பதித்து, தட்டி, அன்றே தண்ணீர் விட வேண்டும். மாலையில் பதித்தால் நல்லது. முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் தண்ணீர், யாரும் அதன் மேல் நடக்கக் கூடாது. நாய் வளர்ப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், எனக்கும் அதற்கு வழி கிடைக்கவில்லை.

11. மாதத் தோட்டக்காரரோடு பேசிக்கொள்ள வேண்டியவை

எந்த இரண்டு கிழமை, எத்தனை மணிக்கு என்பது முதல் பேச்சு. வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு முறைக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மழை பெய்து அவர் வர முடியாத நாளுக்குப் பணம் பிடிப்பதா என்பதையும் பேசிவிடுங்கள். நான் பிடிப்பதில்லை, அந்த வாரம் வேறொரு நாள் வந்துவிடுவார்.

கருவிகள் நம்முடையதாக இருப்பதே நல்லது. மண்வெட்டி, களைக்கொத்தி, கவாத்துக் கத்தரி, பூவாளி, ஒரு கூடை. இந்த ஐந்தும் போதும். காய்ந்த இலையும் வெட்டிய கிளையும் எங்கே போகும் என்று முன்பே சொல்லுங்கள், இல்லையென்றால் பக்கத்துக் காலி மனைக்குப் போகும். ஒரு மூலையில் குழி வெட்டிப் போட்டால் ஆறேழு மாதத்தில் உரமாகிவிடும்.

தண்ணீர் விடுவது அவர் வேலையா, உங்கள் வேலையா? இதைப் பேசாமல் விட்டுத்தான் பல தோட்டங்கள் காய்கின்றன. வாரம் இரண்டு நாள் வருபவர் ஏழு நாளும் தண்ணீர் விட முடியாது.

பூச்சிமருந்தை அவரே வாங்கி வர விடாதீர்கள். பாட்டில் லேபிளில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் அளவைச் சொல்லும்: சிவப்பு கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று குறையும். சிவப்பும் மஞ்சளும் வீட்டுப் பக்கமே வர வேண்டாம். கறிவேப்பிலையும் துளசியும் இருக்கும் தோட்டத்தில் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தாண்டிப் போகவே கூடாது என்பது எங்கள் வீட்டு விதி.

அவருக்கு வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். 18 முதல் 70 வயது வரை சேரலாம், ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். எங்கள் தோட்டக்காரருக்கு வங்கியில் ஒரு படிவம், பத்து நிமிஷம், அவ்வளவுதான் ஆனது. தீபாவளிக்கு ஒரு மாதப் பணம், தையில் அவர் கேட்கும் முன்பே கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது என்பதையும் ஆண்டுச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆளை மாற்ற வேண்டி வந்தால் பழையவரும் புதியவரும் ஒரு நாளாவது சேர்ந்து வேலை செய்யும்படி ஏற்பாடு செய்யுங்கள், இருவருக்கும் கூலி கொடுத்து. எந்த வால்வைத் திறந்தால் எந்தப் பக்கம் தண்ணீர் போகும், எந்தச் செடிக்கு எப்போது எரு போட்டது, எங்கே கோரை திரும்பத் திரும்ப வருகிறது என்பதெல்லாம் பழையவர் தலைக்குள்தான் இருக்கும்.